பட்டியலில் இல்லாத வீடு

தராசு முள் அசையாமல் நிற்கும்வரை அவள் மூச்சு விடமாட்டாள். குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை முள்ளுக்கு நேராக வைத்துப் பார்ப்பாள். இரண்டு கிலோ அரிசி என்றால் இரண்டு கிலோதான். பத்து அரிசி கூடினால் எடுப்பாள், குறைந்தால் போடுவாள். "ஒரு வீட்டுக்கு ஒரு கை கூடப் போச்சுன்னா கடைசி வீட்டுக்கு இல்லாம போயிடும். அப்புறம் அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?" என்பாள். வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் 'தராசு'.

சனிக்கிழமை காலையில் கல்லூரியின் பழைய சைக்கிள் கொட்டகையில் பதினைந்து மாணவர்கள் கூடுவார்கள். வாரம் முழுக்கக் கடை கடையாகக் கேட்டு வாங்கிய அரிசி, பருப்பு, மாவு, எண்ணெயைப் பைகளில் போட்டு, சுற்றுத் தெருக்களில் சாப்பாட்டுக்குச் சிரமப்படும் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பட்டியலில் அறுபத்திரண்டு வீடுகள்.

அவள் இதில் சேர்ந்ததே கதவு மாறித்தான். டேபிள் டென்னிஸுக்குப் பெயர் கொடுக்கப் போனவள் பக்கத்து அறைக்குள் நுழைந்து, சமர்த்தாக வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். மறுநாள் வந்து மட்டை எங்கே என்று கேட்டபோது காலிச் சாக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். குழப்பம் அவளோடு கூடப்பிறந்தது. இடது எது, வலது எது என்று இன்றைக்கும் கையை விரித்துப் பார்த்துத்தான் சொல்வாள். எதிர்த் திசையில் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டு, "காலேஜ் ஏன் இன்னும் வரல?" என்று கண்டக்டரிடமே கோபித்துக்கொண்டவள். யார் எதைச் சொன்னாலும், "இருங்க, எனக்கு ஒண்ணும் புரியல. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்பாள். தராசுக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் உலகம் தெளிவாகிவிடும்.

அவள் நிறுத்துக் கொடுப்பதை வாங்கிப் பையைக் கட்டுபவள் அவளுடைய லேப் கூட்டாளி. எத்தனை படி ஏறினாலும் அவிழாமல், ஒரு நுனியை இழுத்தால் மட்டும் பொலபொலவென்று விரிந்துகொள்ளும் ஒரு கட்டு அவள் கைக்கு வரும். அதனால் அவள் 'முடிச்சு'. இரண்டு வருடமாக ஒரே மேசை. தராசு வாய் ஓயமாட்டாள்; முடிச்சு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். மதியம் எல்லோரும் டப்பாவைத் திறக்கும்போது அவள் நூலகத்துக்குப் போய்விடுவாள். "காலையில ஒரு பிடி பிடிச்சிட்டேன்டி" என்பாள். பை கட்டி முடிந்ததும் வீட்டில் வேலை என்று கிளம்பிவிடுவாள். வீடு எங்கே என்றால் "அந்தப் பக்கம்" என்று கையை வீசுவாள். தராசுக்குத்தான் பக்கம் தெரியாதே, மேற்கொண்டு கேட்டதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வழக்கமாகப் போகிற மாணவனுக்குக் காய்ச்சல் என்று, நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குத் தராசை அனுப்பினார்கள். மூன்றாம் மாடியில் துணி தேய்த்துப் பிழைக்கும் ஒரு அக்கா, பையை வாங்கி, திரும்ப இவள் கையிலேயே வைத்தாள்.

"எனக்கு இந்த வாரம் வேலை வந்திருச்சு கண்ணு. இதை எதிர் வீட்ல குடு. ரெண்டு நாளா அங்க அடுப்பு பத்தல. நான் குடுத்தா வாங்கமாட்டாங்க."

"எதிர் வீடு பட்டியல்ல இல்லையேக்கா."

"பட்டியல்ல இல்லன்னா பசிக்காதா?"

தராசு போய்க் கதவைத் தட்டினாள். பாதி சீவிய பென்சிலும் கையுமாகத் திறந்தது முடிச்சு. உள்ளே பாயில் அவள் தங்கைகள் இருவர் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக அவர்கள் அப்பா காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். முடிச்சின் பார்வை பையில் இருந்த கட்டின்மேல் விழுந்தது. காலையில் அவளே போட்டது.

"இந்த வீடு பட்டியல்ல இல்ல" என்றாள், யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல.

"தெரியும்... அந்த அக்காதான்... இரு, எனக்கு ஒண்ணும் புரியல."

"புரிய வேண்டியது ஒண்ணும் இல்ல. வேற வீட்டுக்குப் போ."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால்கூட இவளுக்குக் கோபப்படத் தெரிந்திருக்கும். பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்றாள். மேலே போவதா, கீழே இறங்குவதா என்றே தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒரு வாரம் அவள் அவளாக இல்லை. வாரா வாரம் அறுபத்திரண்டு பைகள் முடிச்சின் கைகள் வழியாகப் போகின்றன. ஒரு பிடி அரிசி அவள் வீட்டுக்குப் போகவில்லையே, எப்படி? பொறுப்பாசிரியையிடம் சொல்லலாமா? சொன்னால் காட்டிக்கொடுத்தது ஆகும். சொல்லாவிட்டால்? ஊருக்கெல்லாம் நிறுத்துப் போட்டவளுக்கு, முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தவளின் பசி தெரியவில்லையே.

திங்கட்கிழமை இரண்டு டப்பாக்களோடு வந்தாள். "அம்மா தெரியாம ரெண்டு வச்சுட்டாங்க."

முடிச்சு சோதனைக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்கம்மா தெரியாம வைக்கல. நீ கேட்டு வாங்கிட்டு வந்திருக்க. யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"சொல்லாத."

இரண்டு டப்பாவும் திறக்காமலே வீடு திரும்பின. அடுத்து வந்த நாட்களில் தராசு தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தில் அமிலத்தை எடுத்தாள். முடிச்சு குடுவையை மாற்றி வைத்தாள்.

சனிக்கிழமை முடிச்சு வந்தாள். அறுபத்திரண்டையும் கட்டினாள். மற்றவர்கள் பைகளோடு கிளம்பியதும் கொட்டகையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். வாரம் முழுக்க யோசித்து வைத்த பேச்செல்லாம் தராசுக்கு மறந்துபோனது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"நான் உனக்குக் குடுக்கணுமா, குடுக்கக் கூடாதா? ரெண்டும் தப்பு மாதிரி இருக்கு. எனக்குத் தெரியல. நீயே சொல்லிடு."

முடிச்சு மிச்சமிருந்த கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"எனக்கும் தெரியலடி" என்றாள் கடைசியில். "நேத்து சின்னவ ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டா."

பிறகு மேசையிலிருந்து, பட்டியலில் சேர்வதற்கான விண்ணப்பத் தாள் ஒன்றை உருவினாள். அதிலுள்ள கேள்விகளைப் போன வருடம் எழுதியவளே அவள்தான். கதவு எண்ணை எழுதினாள். வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் அம்மாவையும் சேர்த்து ஐந்து என்று போட்டாள். கடைசியாக எப்போது சமைத்தீர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. "இதை எல்லார்கிட்டயும் கேக்குறோமா நாம?" என்றாள். அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுத் தாளை நீட்டினாள். தராசு அதை வாங்கி, அறுபத்து மூன்று என்று எண் போட்டாள். மூன்று எட்டுபோல விழுந்தது.

சாக்குகளில் மிஞ்சியதை நிறுத்துக் கட்டிய பையின் ஒரு காதை ஒருத்தியும் மறு காதை மற்றவளுமாகப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார்கள். வாசலில் தராசு பிடியை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"உள்ள வா. தண்ணி குடிச்சிட்டுப் போ."

இரண்டு வருடத்தில் எத்தனையோ வீடுகளில் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். "இல்லங்க, பரவால்ல" என்று படியிறங்கி ஓடியிருக்கிறாள். இப்போதும் அதுதான் நாக்கு நுனிவரை வந்தது. என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றினாள். பாயில் தங்கைகள் இருவரும் நகர்ந்து இடம் விட்டார்கள். நடுவில் உட்கார்ந்தாள். முடிச்சு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தராசு அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, காலித் தம்ளரை முடிச்சின் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் குடு."