பற்றரியும் திறப்பும்

தனலட்சுமி கூர் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த ஐரோப்பிய மலைநாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. வாரநாட்களில் உப்புக் குறைந்த சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும் சமைப்பவள், கோடைகாலச் சனிக்கிழமைகளில் அதற்கெல்லாம் வஞ்சம் தீர்ப்பதுபோல உறைப்பான ரோல்ஸும் கடலை வடையும் சந்தையில் போட்டு விற்பாள். கூட நிற்பவள் கலாவதி. அடுத்த கட்டடத்தில் குடியிருப்பவள், பத்து வயது இளையவள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை.

இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய கார் ஒன்று உண்டு. பின்சீற்றை மடித்தால் அடுப்பு, கூடாரம், மேசை எல்லாம் அடங்கிவிடும். சந்தைக் காலம் முடிந்ததும் காரை மலைக் கிராமத்தில் ஊர்சினா என்ற விவசாயப் பெண்ணின் வைக்கோல் கொட்டிலில் கொண்டுபோய் விடுவார்கள். நம்பர் பலகைகளைக் கழற்றி மோட்டார் வாகன அலுவலகத்தில் ஒப்படைத்தால் வரியும் காப்புறுதியும் நின்றுவிடும், வசந்தம் வரும்வரை அதன் நினைப்பே வேண்டாம்.

போன ஒக்ரோபரில், கடைசிச் சந்தையன்று, கலாவதி காரைப் பின்னுக்கு எடுக்கையில் இடப்பக்கப் பின்பார்வைக் கண்ணாடி பக்கத்துக் கடையின் கம்பத்தில் மோதி உடைந்தது. பெரிய சேதமில்லை. ஆனால் காலையிலிருந்து நின்று களைத்திருந்த தனலட்சுமி, வாடிக்கையாளரும் பக்கத்துக் கடைக்காரரும் பார்த்து நிற்க, சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

"கார் ஓடத் தெரியாத ஆளிட்டைத் திறப்பைக் குடுத்தது என்ரை பிழை."

கலாவதி இறங்கி மற்றப் பக்கம் போய் ஏறிக்கொண்டாள். கொட்டில் வரை தனலட்சுமியே ஓட்டினாள். அங்கே அவள் வீட்டுக்குக் கொண்டுபோகப் பற்றரியைக் கழற்றிக்கொண்டிருக்க, கலாவதி கதவுகளைப் பூட்டித் திறப்பைத் தன் கோட்டுப் பையில் போட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் வேறு வேறு இருக்கையில் இருந்தார்கள். குளிர்காலம் முழுக்க அப்படியே போயிற்று. கடையில் கண்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

பெப்ரவரியில் தனலட்சுமியின் வலது மணிக்கட்டில் நரம்பு நெரிந்ததற்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். இரண்டு மாதம் கழித்தும் பாரம் தூக்கினால் வலித்தது. ஏப்ரலில் சந்தைக்கு இடம் கிடைத்த செய்தி வந்தபோது, நிலக்கீழ் அறையில் சார்ஜரில் இருந்த பற்றரி தயாராக இருந்தது. திறப்புத்தான் இல்லை. தான் போய் வாங்கி வரட்டுமா என்று கணவர் நித்தியானந்தன் கேட்டார். ஆளை அனுப்பி வாங்குவது அவளுக்கே சரியாகப் படவில்லை. போனை எடுத்தாள்.

தனக்கும் அந்தக் காரில் பங்கிருக்கிறது, திறப்பைக் கொண்டு தானே வருவதாகக் கலாவதி சொன்னாள். குரலில் கோபம் இல்லை. நெருக்கமும் இல்லை.

ஞாயிறு காலை தனலட்சுமி பற்றரியைச் சாமான் வாங்கும் தள்ளுவண்டியில் நிமிர்த்தி வைத்து, அலுவலகத்தில் திரும்ப வாங்கிய நம்பர் பலகைகளையும் போட்டுக்கொண்டு மஞ்சள் பஸ்ஸில் மலையேறினாள். கலாவதி முந்திய பஸ்ஸில் வந்து கொட்டில் வாசலில் நின்றாள். தனலட்சுமிக்கு வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு இறங்கிவிட வேண்டும் போலிருந்தது. கலாவதி விடவில்லை.

"முதல்ல உள்ளை பாப்பம் அக்கா. என்னோடை வேலை செய்யிற ஒருத்தியின்ரை காரிலை எலி வயரைக் கடிச்சுப்போட்டுது."

பொனற்றைத் தூக்கிப் பார்த்தால், காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் ஒரு எலிக்கூடு. வைக்கோலும் பிய்த்த பஞ்சும் வால்நட் கோதுமாக அமைப்பாய் இருந்தது. குடியிருந்தவை போய்விட்டிருந்தன. கலாவதி கையுறை போட்டு எல்லாவற்றையும் அள்ளி எடுத்தாள். வயர்களை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள், கடி ஒன்றுமில்லை. புகைக்குழாயின் வாயையும் பார்த்தாள். தனலட்சுமி ஒயில் அளவைப் பார்த்தாள், போதுமாக இருந்தது. ரயர்களில் காற்று இறங்கியிருந்தது. ஊர்சினா பம்பைக் கொண்டுவந்து தந்தாள். கொட்டிலுக்குள் ஸ்டார்ட் பண்ண வேண்டாம், புகை அடைந்துவிடும், அடுத்த பக்கம் கன்றுகள் நிற்கின்றன என்று அவள் சொன்னதால், தனலட்சுமி ஸ்டியரிங்கைப் பிடிக்க மற்ற இருவரும் காரை முற்றத்துக்குத் தள்ளினார்கள்.

வெளியே பற்றரியை மாட்டும்போதுதான் சிக்கல். ஸ்பானரை இறுக்கியதும் மணிக்கட்டில் சுரீரென்று வலித்து, ஸ்பானர் கையை விட்டு விழுந்தது. கலாவதி அதைப் பொறுக்கி எடுத்து, மாட்டக் குனிந்தாள்.

"சிவப்பு வயரை முதல் மாட்டும், கறுப்பைக் கடைசியிலை," என்று மட்டும் தனலட்சுமி சொன்னாள்.

தனலட்சுமி ஏறித் திறப்பை முறுக்கினாள். முதல் முறை எஞ்சின் இருமிவிட்டு நின்றது. உடனே மறுபடி முறுக்கப் போனவளைக் கலாவதி கையமர்த்தி, ஹீற்றர் போட்டபடியே கிடப்பதைக் காட்டினாள். அதை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து மறுபடி முறுக்கியதும் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை வந்து மெல்லக் கலைந்தது. சிவப்பு விளக்குகள் அணைந்தன. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு எஞ்சினைத் தன்பாட்டில் ஓட விட்டாள்.

தனலட்சுமி கியரில் கை வைத்தாள். மலை இறக்கம் முழுக்க இந்தக் கையால் கியர் மாற்ற வேண்டும். கதவைத் திறந்து இறங்கினாள்.

"நீர் ஓட்டும், கலா."

"கை நோகுறதாலையோ தாறியள்?"

"கையும் நோகுதுதான். அது மட்டுமில்லை. அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. அதுவும் அத்தனை சனத்துக்கு முன்னாலை."

கலாவதி உடனே ஏறவில்லை. காரின் கூரையில் கிடந்த வைக்கோலைத் தட்டிவிட்டபடி நின்றாள்.

"கண்ணாடி உடைஞ்சது எனக்கும் கவலைதான் அக்கா. ஆனா மாரி முழுக்க நான் யோசிச்சது அதையில்லை. பன்ரெண்டு வருசமா உங்களோடை நிண்டனான், என்னை அவ்வளவுதான் மதிக்கிறாவோ எண்டு."

"இல்லை," என்றாள் தனலட்சுமி. கண் கலங்கியதை மறைக்காமல் நின்றாள். கலாவதி அவள் நோகாத கையை ஒருதரம் பிடித்து விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் முற்றத்தில் மெல்ல உருட்டிப் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். தட்டுகளில் படிந்த துரு கரகரவென்று உரசியது. நாலைந்து தரம் அழுத்தியபின் சத்தம் குறைந்து பிரேக் ஒழுங்காகப் பிடித்தது. பிறகு நம்பர் பலகைகளைப் பூட்டி, ஊர்சினாவுக்குக் கைகாட்டிவிட்டு இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் தனலட்சுமியின் வலது கால் தன்பாட்டில் தரையை மிதித்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

பாதி வழியில், இந்த முறை கொத்துரொட்டியும் போடுவோமா என்று கலாவதி கேட்டாள். அந்தச் சின்னக் கூடாரத்துக்குள் கல்லை எங்கே வைப்பது என்று தனலட்சுமி மறுத்தாள். மேசையைக் குறுக்காகப் போடலாம் என்றாள் கலாவதி. அப்படிப் போட்டால் மழைச் சாரல் உள்ளே அடிக்கும் என்றாள் இவள். ரைன் ஆற்றுப் பாலம் தாண்டியும் அந்த வழக்குத் தீரவில்லை.

மே மாதம் முதற் சந்தையில் கொத்துரொட்டி இருந்தது. மேசை குறுக்காகத்தான் கிடந்தது.