முடி முளைத்த கொடி

எங்கள் கென்டக்கி மலையில் எல்லோரும் மூன்று இலையை வைத்துத்தான் விஷக்கொடியை அறிவார்கள். இலை உதிர்ந்தாலும், தண்டிலுள்ள முடியை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார் என் பெரியம்மா ஒர்லீனா. அது பட்டால் வரும் அரிப்புக்கு ஓடையோரத்து ஆரஞ்சுப் பூச்செடியைக் காய்ச்சி, தன் தம்பி வீட்டு ஃபிரீசரில் கட்டிகளாக உறைய வைப்பார். குளிர்காலத்தில் அந்தச் செடி இருக்காது.

ஆறு வருடம் ஊர் சுற்றிவிட்டு நான் திரும்பிய டிசம்பரில், அந்தத் தம்பியின் மனைவி டார்லிஸ் சர்ச் கதவில் மாட்டக் கிறிஸ்துமஸ் வளையம் பின்னுவதற்குக் கொடி அறுத்து வந்தாள்.

“அடியே, முடியைப் பாரு! கீழ போடு,” என்றார் பெரியம்மா.

“இலையே இல்ல, விஷம் எங்கேருந்து வரும் அண்ணி? என்னை நாலு பேர் பாராட்டிடுவாங்கன்னு வயித்தெரிச்சலா?”

மூன்றாம் நாள் கண் திறக்க முடியாத வீக்கத்தோடு வந்து நின்றாள்.

“அந்த மருந்துக் கட்டி குடுங்க அண்ணி.”

“மான்கறி வைக்க இடமில்லன்னு போன வாரம் நீதானே கொட்டினே? அந்தப் பச்சைக் கட்டிதான்டி அது.”

ஒர்லீனா மருந்தை ஒளித்துவிட்டாள் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் முழுக்கப் பேச்சு. தம்பிக்கு உண்மை தெரியும். குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை.

அடுத்த கோடையில் ஓடையோரம் செடி மண்டிப் பூத்தது. பெரியம்மா ஒரு தண்டைக்கூடப் பறிக்கவில்லை.