கோலமாவில் எழுந்த தெரு

எங்கள் காலனிக்கு அரசு வீடு கட்ட ஏரியோரப் பள்ளத்தைக் காட்டியிருந்தார்கள். மழை பெய்தால் அங்கே முட்டியளவு தண்ணீர் நிற்கும்.

வழக்கம்போல் மறியலுக்கு உட்காராமல், இந்த முறை நாங்களே இடம் காட்டினோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள மேட்டுப் புறம்போக்கில் வீடு, தெரு, வாய்க்கால் எல்லாவற்றையும் கோலமாவால் முழு அளவில் வரைந்தோம்.

இன்று செங்கல்பட்டிலிருந்து வந்த அதிகாரி விறுவிறுவென்று குறுக்கே நடந்தார்.

"சார், செவுத்துல பூந்து போய்கினு கீறீங்க! வாசப்படி அந்தாண்ட கீது!" என்று கத்தினார் பக்கத்து வீட்டு மேரி அக்கா.

மனிதர் அப்படியே பின்வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் வழியாக வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கேயே கட்டலாம்மா. பள்ளத்தை விட்டுடுவோம்," என்றார்.

நாங்கள் அடித்த விசிலுக்கு ஈ.சி.ஆர். பஸ்ஸே நின்றிருக்கும்.

வீடே இன்னும் வரவில்லை. அதற்குள் மேரி அக்கா தன் சுவரை என் பக்கம் ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டார். பஞ்சாயத்துக்கு யார் வருகிறீர்கள்?