அடுப்பில் காய்ந்த சிலிண்டர்

கடையில் என் அக்காவுக்கு வைத்த பெயர் சம்மட்டி. கடலுக்குள் மூழ்குகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் காற்று சிலிண்டர்களைப் பராமரிப்பது அவள் வேலை. உப்புப் போகக் கழுவுவாள், வெயில் படாத இடத்தில் நிற்க வைத்துச் சங்கிலி போடுவாள். காற்றை முழுக்கத் தீர்த்துவிட்டு வருகிறவனுக்கு அர்ச்சனை நிச்சயம்.

"கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொன்னேனா இல்லையா? உள்ள ஈரம் புகுந்தா முதல்ல சிலிண்டரைத் திங்கும், அப்புறம் உன்னைத் திங்கும்!"

சோதனையில் தேறாத சிலிண்டரின் காற்றைத் திறந்துவிட்டு, யாரும் மறுபடி நிரப்ப முடியாதபடி அதன் வாயைச் சம்மட்டியால் நசுக்கிவிடுவாள். அந்த வெறிக்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். ஆறு வருடம் முன்பு, அக்காவின் கணவரான மாமா காற்று நிரப்பிக்கொண்டிருந்த சிலிண்டர் வெடித்தது. கதவு தெருவில் கிடந்தது. மாமாவை வாரித்தான் எடுத்தோம்.

போன மாதம் ஒரு மதியம், முதலாளி மகன் சிவப்பாய்ப் பளபளத்த பழைய அலுமினிய சிலிண்டரைக் காற்று நிரப்பும் கம்ப்ரசரில் மாட்டினான். நான் பக்கத்தில் நின்று அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த அக்கா அந்தப் பளபளப்பைக் கண்டதும் நின்றாள்.

"பெயிண்ட்டை எங்க காய வெச்சே?"

"கார் பட்டறை அடுப்புல. எப்படிப் பிடிச்சிருக்கு பாருங்க!"

அந்தச் சூட்டில் அலுமினியம் பலம் இழந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அக்கா சுவிட்சை அணைக்கப் பாய்ந்தாள். அவன் மறித்தான்.

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராதுங்கிற கதையா இருக்கு. ஒண்ணும் ஆகாதுக்கா."

அவள் அவனைத் தள்ளினாள். அவன் விட்ட அறையில் அவள் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. நான் குறுக்கே போவதற்குள் சம்மட்டி அவள் கைக்கு வந்துவிட்டது. முதல் அடி அவன் தோளில். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. இரண்டாவது அடி மின்பெட்டியில். பொறி பறந்து கம்ப்ரசர் நின்றது.

"வெளிய போங்கடா ரெண்டு பேரும்!"

சிலிண்டரைத் திறந்துவிட்டு, காற்று முழுக்க இறங்கும்வரை அந்த அறையில் தனியாக நின்றாள். பிறகு சிலிண்டரின் வாயை அடித்தாள், அடித்தாள், நசுங்கிய பிறகும் அடித்தாள். நான்தான் உள்ளே போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"போதும்க்கா. வேலை போச்சு. போலீஸ் வரும். அவன் தோளை உடைச்சிருக்க வேண்டாம்."

அவள் ரத்தத்தைத் துப்பினாள்.

"மாமாவோட சிலிண்டருக்கு நீலம் அடிச்சது யாரு தெரியுமா? நான்தான். சீக்கிரம் காயட்டும்னு அடுப்புல வெச்சதும் நான்தான்டா. அதுக்கு ஆறு வருஷமா என்னை யாரும் அடிக்கல."