நூற்று நாற்பதில் போன ஆம்புலன்ஸ்

எல்லப்பன் வண்டியில் ஏற்றிய பால், சொசைட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் தயிராகிவிடும் என்று கருங்குழியில் ஒரு பேச்சு இருந்தது. அவர் பால் வேன் ஓட்டிய காலத்துப் பேச்சு. அப்புறம் ஆறு வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினார். பெற்ற தாய்மார்கள் எல்லாம் அவரைத் தெய்வமாகப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் அப்படிப் பார்க்கவில்லை, ஏனென்றால் பிள்ளைகள் வந்து இறங்கும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ்.

இப்பேர்ப்பட்ட மனுஷனை எவன் ஆம்புலன்ஸுக்கு வைத்தான் என்று கேட்பீர்கள். லைசென்ஸில் ஒரு கேஸ் கிடையாது, தண்ணி கிடையாது, கூப்பிட்ட நேரத்துக்கு வருவார். வண்டி வாடகைக்கு விடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? வண்டியும் ஆளுக்கு ஏற்ற வண்டிதான். எழுபதைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும்.

செங்கல்பட்டுக்கு மேற்கே ரேஸ் மைதானத்தில் போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆம்புலன்ஸ் ஓரமாக நிற்க வேண்டும். எல்லப்பன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மனைவி அம்சா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பார். நாலு வருஷத்தில் அவர் அங்கிருந்து ஏற்றிப் போனது இரண்டே பேர். ஒருவர் ரேஸுக்குக் கொடி காட்டுகிறவர், வெயிலில் மயங்கி விழுந்தார். இன்னொருவருக்கு அஜீரணம்.

மூன்றாவது ஆள் கிருபாகரன். வேடந்தாங்கல் பக்கத்துப் பையன், இருபத்தொன்பது வயசு. கார் மெக்கானிக்காக இருந்து, கையூன்றிக் கரணம் போட்டு ரேஸுக்கு வந்தவன். மூணேகாலுக்கு அவன் கார் சுவரில் மோதியது. மூணு இருபதுக்கு எல்லப்பன் சைரனைப் போட்டுக் கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரி இருபத்தாறு கிலோமீட்டர். அன்றைக்கு அவரும் தன்னால் ஆன மட்டும் மிதித்தார், பொய் சொல்லக்கூடாது. ஸ்டீயரிங் நடுங்கியது.

மூணு முப்பதுக்கு, வண்டியின் பின்பக்கம் பையனோடு வந்த மைதானத்து டாக்டர் நடுக் கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணா, இனிமே அவசரம் இல்ல. மெதுவாவே போங்க" என்றார். சின்ன வயசு டாக்டர், குரல் உடைந்திருந்தது. "வெளிய சொல்லாதீங்க. ஆஸ்பத்திரில பாத்துட்டுத்தான் எழுதணும்."

எல்லப்பன் சைரனை நிறுத்தினார். கண்ணாடியில் பையனின் முகம் தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார்கள், தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து எத்தனை திருப்பம் திரும்பிக் குலுங்கியிருப்பானோ, இனியாவது குலுங்காமல் போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது. முப்பதில் போனார். கரும்பு டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து அவரை முந்திக்கொண்டு போனது. நாலு அஞ்சுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே நெஞ்சை அழுத்தி, ஊசி போட்டு, செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு நாலு நாற்பது என்று நேரம் எழுதினார்கள்.

அதோடு போயிருந்தால் இந்தக் கதை கிடையாது. பைக்கில் வந்த எவனோ ஒருத்தன் வீடியோ எடுத்துவிட்டான். சைரன் இல்லாமல், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஆம்புலன்ஸ் போகிறது, டிராக்டர் முந்துகிறது. கிருபா ரேசிங் ரசிகர் மன்றத்தின் வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ சுற்றியது. காரியம் முடிந்த மறுநாள் பன்னிரண்டு பைக் கருங்குழிக்கு வந்தது. முன்னால் நின்றவன் மன்றத் தலைவர் தீனதயாளன். சொந்தமாக நாலு லாரி ஓடுகிறது அவனுக்கு, கை மட்டும் ஒவ்வொன்றும் உலக்கை.

"இன்னா அண்ணாத்த இது? எங்காளு உசுருக்குப் போராடிகினு கீறான், நீ காத்து வாங்கிகினு போயிருக்கிற?"

எல்லப்பன் அந்தக் கைகளைப் பார்த்தார். டாக்டருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், உலக்கை ஒரு பக்கம். தவிர, வழியிலேயே போய்விட்டான் என்று அந்த முகங்களைப் பார்த்துச் சொல்லவும் மனசு வரவில்லை.

"அது நான் எறக்கி வுட்டுட்டு காலியா திரும்பி வரச்சொல எடுத்ததுபா" என்றார்.

"போவச்சொல எவ்ளோல போன?"

"எம்பது."

பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீனதயாளன் கண் கலங்கிவிட்டான். "மன்ச்சிக்க நைனா" என்று எல்லப்பன் கையைப் பிடித்துக்கொண்டான். அம்சா எல்லோருக்கும் காபி போட்டாள், பன்னிரண்டு டம்ளர் இல்லாததால் இரண்டு பந்தியாகக் குடித்தார்கள்.

அன்றிலிருந்து எல்லப்பன் மன்றத்துக்கு வேண்டியவராகிவிட்டார். வருஷா வருஷம் நினைவு நாளன்று மன்றத்தார் செங்கல்பட்டிலிருந்து பைக்கில் கிளம்பி, திருப்போரூர் வழியாக முட்டுக்காடு போய் ஒரு மண்டபத்தில் கூட்டம் போடுவார்கள். படத்துக்கு மாலை, பேச்சு, பிரியாணி, எல்லப்பனுக்குச் சால்வை. முதல் வருஷம் தீனதயாளன் மைக்கில் "நூறுல பறந்தாரு" என்றான். எம்பது என்று சொன்னால் ரேஸ்காரனுக்கு மரியாதையாக இல்லை என்று நினைத்தானோ என்னவோ. மறு வருஷம் நூற்றுப் பத்து. மூன்றாம் வருஷம் நூற்று இருபது. நாலாம் வருஷம் நூற்று முப்பது. எல்லப்பன் ஒருமுறைகூட வாயைத் திறந்து ஏற்றிச் சொன்னதில்லை, இறக்கியும் சொன்னதில்லை. தூரத்தில் வருகிற வண்டியின் சத்தத்தை வைத்தே எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லக்கூடிய அந்த மன்றத்து நூறு பேரில் ஒருவனுக்காவது, அந்த ஓட்டை வேன் நூற்று முப்பதில் போகுமா என்று சந்தேகம் வந்ததா? வரவில்லை.

அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஐம்பத்து மூன்று வயசு வரைக்கும் மெதுவாகப் போகிறவன் என்று எல்லோரிடமும் கேலி வாங்கியவர். டீக்கடையில் இப்போது பையன்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். "த பார்றா, ராக்கெட்டு வந்துகினு கீது" என்று பால் சொசைட்டிக்காரனே சொன்னான். மனுஷன்தானே, யாருக்குத்தான் கசக்கும்?

ஐந்தாம் வருஷக் கூட்டத்துக்குக் கிருபாவின் மனைவி ரூத் வந்தாள். அதற்கு முன்னால் எத்தனை கூப்பிட்டும் வராதவள். செங்கல்பட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். வெள்ளையில் நீலக் கரை போட்ட புடவை கட்டி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லப்பன் மேடையில் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, படத்திலிருந்த பையனைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீனதயாளன் மைக்கைப் பிடித்தான். "வேடந்தாங்கலுக்கு பறவைங்க வரத்தான் பாத்துருக்கோம். அங்கேர்ந்து ஒண்ணு பறந்து போச்சுன்னா அது நம்ம கிருபாதான். அந்தக் கிருபாவ கடைசியா சுமந்துகினு, நூத்தி நாப்பதுல, பதினோரே நிமிஷத்துல கொண்டுபோய் சேத்தாரு நம்ம அண்ணாத்த!" கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. '140' என்று சிவப்பில் அடித்த ஸ்டிக்கரைத் தூக்கிக் காட்டினான். எல்லா பைக்கிலும் ஒட்டுவதற்கு ஐந்நூறு அடித்திருந்தார்களாம். "இந்த வருஷம் சால்வைய ரூத் அண்ணிதான் போத்தணும்."

ரூத் ஏறி வந்தாள். சால்வையைக் கையில் வாங்கினாள். போர்த்தவில்லை.

"அண்ணா, பதினோரு நிமிஷம்தானா?" என்று கேட்டாள்.

எல்லப்பன் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"சும்மா கேக்கலண்ணா. எனக்கு ஒரு கணக்கு கீது. தீனா அண்ணன் எனக்கு போன் பண்ணது மூணு நாப்பது. 'உசுரோட இட்டுகினு போயிருக்காங்க, ஒடனே வா'ன்னாரு. நான் வூட்ல நைட்டியோட இருந்தேன். நைட்டியோட எப்படிப் போறது, அங்க அத்தன ஆம்பளைங்க இருப்பாங்களேன்னு பொடவ கட்டிகினு கெளம்பினேன். பத்து நிமிஷம். நான் போய் நிக்கச்சொல நாலு அம்பது. 'இப்பத்தாம்மா, பத்து நிமிஷம் ஆச்சு'ன்னாங்க."

அவள் சால்வையை மடிப்பதும் பிரிப்பதுமாகவே பேசினாள்.

"மொத வருஷம் நூறுன்னாங்க. மேடையில அப்படிப் பேசுன வீடியோவ எனக்கும் அனுப்புனாங்க. அப்பன்னா இத்தினி மணிக்கு அவரு ஆஸ்பத்திரில இருந்திருப்பாரு, இத்தினி நேரம் எனக்காவ வாசலப் பாத்துகினு இருந்திருப்பாருன்னு கணக்குப் போட்டேன். நீங்க வருஷா வருஷம் ஸ்பீட ஏத்த ஏத்த, அவரு காத்துகினு இருந்த நேரமும் ஏறிகினே போவுதுண்ணா. இந்த வருஷக் கணக்குல ஒரு மணி நேரத்துக்கு மேல. அவரு அவ்ளோ நேரம் உசுரக் கையில புடிச்சிகினு கெடக்க, நான் பொடவைக்கு மடிப்பு வெச்சிகினு இருந்திருக்கேன். கண்ண மூடுனா இதான் வருது. அதான் உங்க வாயாலயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். பதினோரு நிமிஷம்தானா?"

அடப் பாவி, நாலு சால்வைக்கு ஆசைப்பட்டு ஒரு பெண்ணை நாலு வருஷம் தூங்க விடாமல் பண்ணியிருக்கிறேனே என்று எல்லப்பன் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார். எதிரே நூறு பேர். முன்வரிசையில் அந்தப் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உலக்கைக் கை பக்கத்திலேயே நின்றது.

"இல்லம்மா" என்றார். "நாப்பத்தஞ்சு நிமிஷம்."

"அண்ணாத்த, இன்னா பேசற?" என்றான் தீனதயாளன். "ஸ்டிக்கர்லாம் அடிச்சிட்டோம்."

"வாட்ஸ்அப்புல சுத்துச்சே, டிராக்டர் முந்துற அந்த ஆம்புலன்ஸ் வீடியோ, அதுல போறது நான்தான்மா. திரும்பி வரச்சொல எடுத்தது இல்ல. போவச்சொல. உள்ள உங்க வூட்டுக்காரரு கீறாரு. மூணரைக்கே முடிஞ்சிபோச்சு. டாக்டரு கண்ணாடியத் தட்டி, அவசரம் இல்ல, மெதுவா போன்னாரு. ஆஸ்பத்திரில எழுதுனதுதான் நாலு நாப்பது. இவங்க உனக்கு போன் பண்றதுக்கு முன்னாடியே அவரு இல்லம்மா. யாருக்காவும் காத்துகினு இல்ல. நான் பயந்துகினு மாத்திச் சொல்லிட்டேன். என்ன அடிக்கணும்னா அடிங்க."

பின்வரிசையில் ஒருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். தீனதயாளன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "உக்கார்றா" என்றான். அவன் உட்கார்ந்தான்.

"மூணரையா?" என்றாள் ரூத்.

"மூணு முப்பது. வண்டி கடியாரத்தப் பாத்தேன்."

"அப்ப நான் பொடவ மாத்துனது…"

"நீ நைட்டியோட பறந்து வந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதும்மா."

அவள் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "கிருபா, ஐயோ கிருபா" என்று வாய்விட்டு அழுதாள். ஐந்து வருஷமாக அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்து அழுதவள், இன்றைக்குத்தான் புருஷனுக்காக அழுதாள். நூறு ஆம்பளைகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். தீனதயாளன் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான், தோள் குலுங்கியது. எல்லப்பன் படியில் ஒரு ஓரமாக, தள்ளியே உட்கார்ந்தார்.

ரொம்ப நேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ ஸ்பீட்ல போனீங்க?"

"முப்பதும்மா. ஸ்பீட் பிரேக்கர்ல அதுவும் இல்ல. அவரு குலுங்கக் கூடாதுன்னு."

ரூத் அவரைப் பார்த்தாள். அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்தது அவளுக்கு.

"அவருக்கு மட்டும் உசுரு இருந்திருந்தா, முப்பதுல போனதுக்கு உங்கள நடு ரோட்ல எறக்கி வுட்டுட்டு, அவரே ஓட்டிகினு போயிருப்பாருண்ணா" என்றாள்.

"போயிருப்பாரும்மா" என்றார் எல்லப்பன்.