படத்தில் பதினைந்து பேர், பட்டறையில் ஐந்து பேர்: விருத்தாசலம் போய் வந்த கதை

என் வீட்டுக்காரர் போய் எட்டு மாதம் ஆகிறது. விதவை உதவித்தொகை வருகிறது. அது வாங்கும் பெண்களுக்கு விருத்தாசலத்தில் ஒரு மாதம் செராமிக் பயிற்சி, முடித்தால் வேலை என்று ஊராட்சி ஆபீசில் சொன்னார்கள். களை எடுக்கும் கூட்டத்தில் எனக்கு நிலையான இடம் இருக்கிறது. ஒரு மாதம் நின்றால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். இருப்பதையும் விட்டுவிட்டு நிற்கக் கூடாதே என்று, சேருவதற்கு முன்னால் போன புதன்கிழமை நேரில் பார்க்கப் போனேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நல்லூர் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து பதினேழு கிலோமீட்டர். காலை 8.10 டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் காசில்லை. இரண்டு பேர் சீட்டில் ஓரமாக ஒண்டித்தான் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பழக்கம் இன்னும் போகவில்லை. 9 மணிக்கு பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். செராமிக் பட்டறைப் பக்கம் என்றால் போதும், டிரைவர் மேலே ஒன்றும் கேட்க மாட்டார்.

பயிற்சி மையத்தில் ஒரு மேடம் இருந்தார். நல்ல மாதிரி. போன தடவை படித்த பதினைந்து பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். வண்ணம் பூசிய பொம்மையும் கையுமாக எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதை என் போனில் எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போய், இதில் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒரு முதலாளி, ஆள் காணாமல் போய்த் தேடுகிறேன் என்று பயந்தே விட்டார்.

மதியம் ஒரு மணிக்குள் பதினொரு பட்டறை பார்த்துவிட்டேன். அகப்பட்டது ஐந்து பேர். கடைசியாக அகப்பட்டவள் செல்வி, திட்டக்குடிக்காரி. அவளுக்கும் வீட்டுக்காரர் இல்லை. மற்றவர்களுக்கும் வேலை கிடைத்தது உண்மைதான், பத்து நாளில் நின்றுவிட்டார்கள் என்றாள்.

"படம் நல்லா வரணும்னு அங்க பெயிண்ட் அடிக்கத்தான் சொல்லித் தராங்கக்கா. இங்க பெயிண்டுக்கு ரெண்டு பேரு போதும். மத்ததெல்லாம் ஓரம் சீவற வேலை. அது தெரியாம தெணறிப் போயிட்டாங்க."

மண் கரைசலை அச்சில் ஊற்றி எடுத்த ஈரப் பொம்மையில், அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். ஐந்து பேருமே இந்த வேலைதான். பட்டறைக்கு வந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

என்னையும் ஒரு பிள்ளையாரை எடுக்கச் சொன்னாள். குடத்தைத் தூக்குகிற மாதிரி கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். தலை மட்டும் கையோடு வந்தது, தொப்பை பலகையிலேயே இருந்தது.

"பாவம், புள்ளையாருக்கு ரெண்டாவது வாட்டியும் தல போச்சு" என்றாள் செல்வி. பட்டறையே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன், எட்டு மாதத்தில் முதல் தடவையாக. சுடாத மண் என்பதால் நஷ்டமில்லை, கரைத்து மறுபடி ஊற்றிக்கொள்ளலாமாம்.

இரண்டரை மணிக்குத் திரும்பவும் மேடத்திடம் போனேன். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், ஐந்து பேரும் சீவுகிறவர்கள் என்று சொன்னேன். மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. வேலையில் சேர்ந்த அன்றைக்கு எழுதிக்கொள்வதோடு சரி, அப்புறம் கேட்பதில்லை என்று ஒத்துக்கொண்டார். சீவச் சொல்லித்தர ஆள் இல்லையே என்றார்.

"செல்வி இருக்குதுங்களே" என்றேன்.

அப்போதே செல்வியின் பட்டறை முதலாளிக்குப் போன் போட்டுப் பேசினார், செல்வியும் ஒத்துக்கொண்டாள். இந்தத் தடவை தினமும் இரண்டு மணி நேரம் செல்வி வந்து சொல்லித்தருவாள், அதற்குச் சம்பளமும் உண்டு. என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

நீங்கள் போவதானால் ஆதார், ரேஷன் கார்டு, உதவித்தொகை வரும் பேங்க் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பட்டறை பூட்டியிருக்கும். வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள், இப்போதும் வேலையில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். சொல்லித்தருவது எந்த வேலை, பட்டறையில் ஆள் தேடுவது எந்த வேலை என்று இரண்டையும் பாருங்கள்.

5.20 பஸ்ஸில் ஊர் திரும்பி, நேராகக் களைக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் காசியம்மா அக்கா வீட்டுக்குப் போய், பயிற்சியில் சேரப்போவதைச் சொன்னேன்.

"ஒரு மாசம் கழிச்சி வந்து நின்னா எடம் இருக்காது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

"தெரியுங்கக்கா. நாளைக்கே வேற ஆளப் போட்டுக்கங்க."