முழங்கை மடிப்பில் ஒரு மெல்லிய துணி

எங்கள் தெருத் தையல்காரம்மாவிடம் நான் கொடுத்த சட்டை ஆறு வாரமாக ஒற்றைக் கையோடு தொங்கியது. எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. ஆனாலும் சண்டை போடலாம் என்று போனால் வாய் வராது. மனுஷி பாதியாக இளைத்து, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெஷினை மிதித்துக்கொண்டிருப்பார்.

குழந்தை பிறந்தபோது அவருடைய நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, தொட்டிலை எட்டிப் பார்த்து, மூக்கு எங்கப்பா மூக்கு, காது என் தம்பி காது, நெற்றி சாட்சாத் என் நெற்றி என்று பங்கு பிரித்துவிட்டார். பெற்றவளுக்கு ஒரு புருவம்கூட மிஞ்சவில்லை. மூன்றாம் மாதம் கன்னத்திலும் கைகால்களிலும் சிவந்து தடித்து, சொரசொரவென்று அரிப்பு வந்தது. அது மட்டும் தாயின் பங்கு என்று தீர்ப்பாயிற்று. பாலில்தான் கோளாறாம்.

தாய்ப்பால் கொடுத்தால் தோல் வியாதி அண்டாது என்று பிரசவ வார்டில் யாரோ சொன்னதை நம்பியவர் தையல்காரம்மா. இப்போது அதே பால் குற்றவாளிக் கூண்டில் நின்றது. நாத்தனார் உத்தரவுப்படி முதலில் முட்டையை விட்டார். பிறகு மீன், கத்தரிக்காய், கடலை, தயிர். அரிப்பு நின்றபாடில்லை, சாப்பாடுதான் நின்றது. கடைசியில் நாத்தனார் பால்பவுடர் டப்பாவும் புட்டியும் வாங்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமையோடு தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார். நாள் முழுக்க மெஷினை மிதிக்கிறவர் காலை எடுத்துவிட்டு உட்காருவதே பால் கொடுக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த மாட்டேன் என்று தையல்காரம்மா முதன்முறையாக அடம்பிடித்தார்.

சனிக்கிழமை கணவர், மாமனார், நாத்தனார் என்று மொத்தக் குடும்பமும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. டாக்டரம்மா குழந்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வறண்ட தோலும் அரிப்பும் உண்டா என்று கேட்டார்.

"எங்க பக்கம் யாருக்கும் கிடையாது டாக்டர்," என்றார் நாத்தனார். "எங்களுக்குக் கொஞ்சம் சூட்டு உடம்பு, அவ்வளவுதான்."

தையல்காரம்மாவுக்குப் பொறி தட்டியது. சூட்டு உடம்புக்காரர்கள் எதற்காகக் கொளுத்தும் வெயிலிலும் முழுக்கை போடுகிறார்கள்? போதாததற்கு, தையல் குத்துகிறது என்று முழங்கை மடிப்பில் உள்பக்கமாக ஒரு மெல்லிய துணி வைத்துத் தைக்கச் சொல்வார்கள். ஏழு வருஷமாக மூன்று பேருக்கும் அவர்தான் தைக்கிறார். கணவர் கையில் சிவப்பைப் பார்த்தபோதும் வெறும் சூடு என்றுவிட்டார்; முழுக்கை புகுந்த வீட்டு ஸ்டைல் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு நாளும் கேட்டதில்லை.

"டாக்டர், இவங்க மூணு பேர் சட்டைக் கையையும் கொஞ்சம் மடிச்சுப் பாருங்க," என்றார்.

மூன்று முழுக்கைகளும் மேலேறின. மூன்று முழங்கை மடிப்பிலும் அதே சிவப்பு, அதே சொரசொரப்பு. மாமனார் கையை மடித்த சூட்டோடு தன்னை மறந்து சொறியவே ஆரம்பித்துவிட்டார்.

இது பரம்பரையாக வருகிற தோல், பாலின் மேல் பழி போடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. தாய்ப்பால் இதை வராமலே தடுத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாதாம். அதற்காக நிறுத்தவும் வேண்டியதில்லையாம். தாய் எல்லாம் சாப்பிடலாம், குழந்தையைச் சட்டென்று குளிப்பாட்டி எடுத்துக் களிம்பைத் தாராளமாகப் பூச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் தையல்காரம்மா நாத்தனாரைப் பார்த்து நிதானமாகச் சொன்னாராம்: "மூக்கு உங்களுது, காது உங்களுது, இதுவும் உங்களுதுதான் அண்ணி. பால் மட்டும் என்னுது."

மறுநாள் நாத்தனாரே இரண்டு முட்டை அவித்துக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாராம். சாப்பிடும்போது அழுகை வந்துவிட்டது என்று தையல்காரம்மா என்னிடம் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது.

அந்த வாரமே என் சட்டை வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் இரண்டாவது கையின் மடிப்பில் அந்த மெல்லிய துணியையும் வைத்துத் தைத்திருந்தார். நான் பிரிக்கச் சொல்லவில்லை.